உயிரோடு இருக்கும்போதே பேரைச் சரி பாருங்கள்



சாவைப் பற்றிப் பேசினால் "வாயைக் கழுவு" என்பார்கள் நம் பெரியவர்கள். ஆனாலும் இந்த முறை அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம். கருமாதி முடிந்த கையோடு கடதாசிக் கட்டைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்து அழுகிற குடும்பங்களை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

ஒரு அம்மா, முப்பது வருசம் கொழுந்து எடுத்தவர். செக்ரோலில் மாரியாயி, அடையாள அட்டையில் மாரியம்மா, மரணச் சான்றிதழில் இன்னொரு மாதிரி. மூன்றும் ஒரே ஆள்தான் என்று காட்டுவதற்கு அவருடைய பிள்ளைகள் எத்தனையோ நாள் பேரை விட்டுவிட்டு அலைந்தார்கள். அந்த அம்மா இருந்திருந்தால் ஒரு கிழமையில் முடிந்திருக்கும் வேலை அது.

"நம்மகிட்ட என்ன சொத்து இருக்கு, உயில் எழுத?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 8, தோட்டம் போடுவது 12. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தோட்டம் 3 போடுகிறது. ஐந்து வருசம் முடித்த நாட்சம்பளக்காரருக்கு, வருசத்துக்கு 14 நாள் சம்பளம் என்ற கணக்கில் சேவைக்காலப் பணமும் உண்டு. முப்பது வருச வேலைக்கு அது 420 நாள் சம்பளம். வேலையில் இருக்கும்போதே இறந்துபோனாலும் இந்தப் பணம் குடும்பத்துக்குச் சேர வேண்டியதுதான்.

சேமலாப நிதி யாருக்குப் போகும்? நீங்கள் எழுதிக்கொடுத்த பின்னுரித்தாளிக்கு. அதாவது, "எனக்குப் பின்னால் இவருக்குக் கொடுங்கள்" என்று நீங்கள் பேர் குறித்தவருக்கு. பதினெட்டு வயதில் வேலைக்குப் பதிந்தபோது அம்மா பேரைக் கொடுத்திருப்பீர்கள். பிறகு கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பிறந்து, அம்மாவும் போயிருப்பார். படிவத்தில் மட்டும் பழைய பேரே கிடக்கும். பின்னுரித்தாளி இல்லாவிட்டால் வாரிசுகள் எல்லோரும் தங்களை நிரூபிக்க வேண்டும். அங்கேதான் அண்ணன் தம்பி சண்டை தொடங்குகிறது.

மற்றச் சொத்துக்கு, அதாவது நகை, மாடு, வங்கிப் பணம், உறுதியுள்ள காணி இவற்றுக்கு, உயில் இல்லாவிட்டால் நாட்டின் பொதுச் சட்டப்படி பாதி கணவனுக்கோ மனைவிக்கோ போகும். மறுபாதி பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரியும். கட்டிக்கொடுத்த மகளுக்கும் பங்கு உண்டு. முஸ்லிம் குடும்பங்களுக்குத் தனிச் சட்டம். வேறு விதமாகக் கொடுக்க விரும்பினால் உயில் எழுதணும். நொத்தாரிசு முன்னும் இரண்டு சாட்சிகள் முன்னும் கையெழுத்து வைக்கலாம். நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள், எல்லோரும் ஒரே நேரத்தில் கூட இருக்க வேண்டும். வாயால் சொல்லி வைத்தது சட்டத்தில் நிற்காது.

லயக் காம்பராவை யாரும் உயிலில் எழுத முடியாது. அது நமக்கு உறுதி எழுதித் தந்த சொத்து இல்லை. புது வீட்டுக்கு உறுதி கிடைத்தவர்கள் அதிலுள்ள நிபந்தனைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த மாதமே செய்யக்கூடியவை:

1. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, செக்ரோல், சேமலாப நிதி பி கார்ட், நான்கிலும் பேரை ஒத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் ஆபீசில் பெரிய கிளாக்கரிடம் சொல்லுங்கள். சத்தியக்கடதாசி தேவைப்பட்டால் சமாதான நீதவானிடம் போகலாம்.

2. பின்னுரித்தாளி யார் என்று கேட்டுப் பாருங்கள். பழைய பேராக இருந்தால் புதிதாக எழுதிக் கொடுங்கள். வங்கிப் புத்தகத்துக்கும் அப்படியே.

3. கோயிலில் தாலி கட்டியதோடு விட்டவர்கள் கல்யாணத்தைப் பதியுங்கள். நாளைக்கு அந்தச் சான்றிதழைத்தான் முதலில் கேட்பார்கள்.

4. எல்லாக் கடதாசிகளையும் ஒரே உறையில் போட்டு, எங்கே இருக்கிறது என்று வீட்டில் இரண்டு பேருக்காவது சொல்லி வையுங்கள்.

படிவம் நிரப்பத் தெரியாது என்று யாரும் வெட்கப்பட வேண்டாம். யாருக்கும் காசு கொடுக்கவும் வேண்டாம். கடதாசிகளோடு எங்களிடம் வாருங்கள், உட்கார்ந்து எழுதித் தருகிறோம். வெயிலிலும் மழையிலும் மலை ஏறிச் சேர்த்த காசு, நீங்கள் நினைத்த கைக்கே போய்ச் சேரட்டும்.