கடல்நீர் கைவிடும் வரிசை

வெயில் தண்ணீரைக் குடித்துவிடுகிறது, உப்பு மிஞ்சுகிறது: தூத்துக்குடி உப்பளங்களைப் பற்றி இப்படி ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறோம். அது பாதிக் கதைதான். கடல்நீரைச் சட்டியில் ஊற்றி முழுக்க வற்றவிட்டால் கிடைப்பது கசக்கும் கலவை. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கரைந்திருக்கும் உப்புகளில் சோடியம் குளோரைடு ஏறத்தாழ 78 சதவீதம். மிச்சத்தில் ஜிப்சமும் மெக்னீசிய உப்புகளும் அடக்கம். இவற்றைப் பிரிப்பது வெயில் அல்ல, கரைதிறன். பாத்தி பாத்தியாக நீரை நகர்த்துவது அதற்காகத்தான்.

முதலில் படிவது அதிகமாக இருக்கும் உப்பு அல்ல, தண்ணீரால் தாங்க முடியாத உப்பு. தூய நீர் லிட்டருக்குக் கால்சியம் கார்பனேட்டைச் சில மில்லிகிராம்களும், ஜிப்சத்தை இரண்டு கிராமுக்குச் சற்று மேலும்தான் கரைக்கும். சாப்பாட்டு உப்போ 360 கிராம் கரையும். ஆகவே முன்பாத்திகளிலேயே சுண்ணாம்பும் ஜிப்சமும் படிகின்றன. நீர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுண்டி, அடர்த்தி 25 டிகிரி போமேயை எட்டிய பிறகே உப்பு விளைகிறது. 30 டிகிரியைத் தாண்டவிட்டால் மெக்னீசிய உப்புகளும் கூடவே படியும். அதற்குள், உப்பு விளைந்தபின் மிஞ்சும் கசப்புநீரை வெளியேற்றிவிட வேண்டும்.

அயனிகளின் மின்சுமை கூடினால் படிகம் இறுகும், கரைவது குறையும் என்பது பள்ளிப் பாடம். ஜிப்சத்துக்கு, அதாவது கால்சியம் சல்பேட்டுக்கு, அது பொருந்துகிறது. ஆனால் மெக்னீசியம் சல்பேட்டிலும் இரு அயனிகளும் இரட்டை மின்சுமை கொண்டவையே. அது லிட்டருக்கு 300 கிராமுக்கு மேல் கரைகிறதே? பாடம் பொய்யில்லை, பாதியில் நிற்கிறது. மெக்னீசியம் அயனி மிகச் சிறியது. நீர் மூலக்கூறுகள் அதை நெருங்கிச் சூழ்ந்து வெளியே இழுக்கின்றன. படிகத்தின் பிடியோடு நீரின் இழுப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சோடியம் குளோரைடில் ஒரு மோல் படிகத்தைக் கலைக்கச் சுமார் 787 கிலோஜூல் தேவை. நீர் அயனிகளைச் சூழும்போது கிட்டத்தட்ட அத்தனையும் திரும்பி வந்துவிடுகிறது. நிகரக் குறை நான்கு கிலோஜூல்தான். அயனிகள் நீரெங்கும் சிதறிப் பரவும் இயல்பு அந்தக் குறையை மிஞ்சிவிடுவதால் உப்பு கரைகிறது. இரண்டு பேரெண்களின் சிறு வித்தியாசம் முடிவைத் தீர்மானிக்கும் இடத்தில் ஒற்றை விதி எப்படி எடுபடும்?

விதி வேண்டாம், கரைதிறன் அட்டவணை போதுமே என்று கேட்கலாம். அட்டவணை தூய நீருக்கானது. பேரியம் சல்பேட், பேரியம் கார்பனேட் இரண்டையும் அது 'கரையாதவை' என்றே சொல்லும். முன்னதை எக்ஸ்ரே படத்துக்காக நோயாளிக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். பின்னதோ எலி மருந்தாகப் பயன்பட்டது. இரைப்பை அமிலத்தில் கரைந்து பேரியம் அயனியை வெளியே விடுகிறது, அது நஞ்சு.

கரைதிறன் இப்படிச் சூழலுக்கேற்ப மாறுவதை உப்புத் தொழில் தெரிந்தே பயன்படுத்துகிறது. அள்ளிய உப்பில் ஒட்டியிருக்கும் மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்து உப்பைக் கசியவைக்கும். நல்ல தண்ணீரில் கழுவினால் உப்பும் கரைந்து போகும். அதனால் தெவிட்டிய உப்புநீரில் கழுவுகிறார்கள்: சோடியம் குளோரைடுக்கு அதில் இனி இடமில்லை, மெக்னீசியம் குளோரைடுக்கு உண்டு.