ஆங்கிலத்தில் ஊறுகாயான மாங்காய்

மா மரத்தில் பிடிக்கும் பிஞ்சுகளில் பெரும்பகுதி முற்றுமுன் உதிர்ந்துவிடுவது இயற்கை. தாம்பரத்தை அடுத்த இரும்புலியூர் போன்ற ஊர்களில் வயல்கள் மனைகளாகிவிட்ட பின்னும், பழைய வீடுகளின் கொல்லையில் ஒன்றிரண்டு மா மரங்கள் நிற்கின்றன. அவற்றின் பிஞ்சுகள் பெரும்பாலும் குப்பைக்கே போகின்றன. இதே காயை உப்பிலிட்டு ஐரோப்பியர் கப்பலேற்றிச் சென்ற காலம் ஒன்று உண்டு.

சொல் கடல் கடந்த கதை

தமிழில் 'மாங்காய்', மலையாளத்தில் 'மாங்ங' என்று வழங்கியதைப் போர்த்துகீசியர் 'மங்கா' என்றனர். அதுவே ஆங்கிலத்தில் 'மேங்கோ' ஆயிற்று.

அந்நாளில் பாய்மரக் கப்பல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி இங்கிலாந்து சேரப் பல மாதங்கள் ஆகும். பழம் தாங்காது. ஆகவே காயை ஊறுகாயாக்கியே கொண்டு சென்றனர். அங்குள்ளோர் அறிந்த 'மேங்கோ' ஊறுகாய்தான். நாளடைவில் அச்சொல்லுக்கே ஊறுகாய் என்ற பொருள் ஏற்பட்டது. 1699-ல் ஜான் ஈவ்லின் வெளியிட்ட 'அசிடேரியா' நூலில் வெள்ளரிக்காய் 'மேங்கோ' செய்முறை உள்ளது. முலாம்பழம், பீச் முதலியவற்றின் உள்ளீட்டை நீக்கி, பூண்டும் கடுகும் அடைத்துக் காடியில் ஊறவைப்பதற்கு அதுவே வினைச்சொல்லும் ஆயிற்று. அமெரிக்காவின் ஒஹையோ, இண்டியானா பகுதிகளில் குடைமிளகாயை 'மேங்கோ' என்றவர்கள் இருபதாம் நூற்றாண்டிலும் இருந்தனர்.

பழம் போக முடியாத தூரத்துக்கு ஊறுகாய் போகும் என்பதே இதன் பாடம்.

வடு போடும் முறை

கொட்டை முற்றாத வடுக்களைக் காம்புடன் கையால் பறிக்க வேண்டும். அடிபட்டு வெடித்தவை ஒன்றிரண்டு சேர்ந்தாலும் ஜாடி முழுதும் கெடும். அண்மையில் பூச்சிமருந்து தெளித்த மரத்தில் பறிக்கலாகாது.

கழுவி, ஈரம் போக நிழலில் உலர்த்திய ஒரு கிலோ வடுவில் இரண்டு தேக்கரண்டி விளக்கெண்ணெய் தடவவும். 200 கிராம் கல்லுப்பும் சிறிது மஞ்சள்தூளும் சேர்த்துப் பீங்கான் ஜாடியில் இட்டு, தினமும் குலுக்கிவிடவும். மூன்று நான்கு நாளில் நீர் விட்டு வடு சுருங்கும். அந்த நீரிலேயே 50 கிராம் மிளகாய் வற்றலும் 25 கிராம் கடுகும் அரைத்துக் கலக்கவும்.

உப்பைக் குறைப்பது சிக்கனமாகாது. காயிலுள்ள நீரை உப்பு வெளியே இழுப்பதால்தான் கெடுக்கும் நுண்ணுயிர்கள் வளர்வதில்லை. உப்புநீரில் இட்டு விற்கும் ஊறுகாயில் குறைந்தது 12 சதவீதம் உப்பு இருக்க வேண்டும் என்பது உணவுச் சட்ட விதி. வடு எப்போதும் நீரில் மூழ்கியிருக்க வேண்டும்.

மகளிர் குழுக்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டு விற்பனை செய்யலாம். புளிப்பும் வாசனையும் மிக்க நாட்டு மரங்களின் காயே வடுவுக்கு ஏற்றது. விதையிலிருந்து வளர்ந்த இம்மரங்கள் ஒவ்வொன்றும் தனி ரகம். வெட்டிவிட்டால் அதே ரகம் திரும்பக் கிடைக்காது. வீடு கட்டுவோர் மரத்தை விட்டுவைத்து வரைபடம் போடட்டும். அது முடியாவிட்டால், வெட்டுமுன் ஒட்டுக்குச்சி எடுத்துக் கன்றாவது கட்டிக்கொள்ள வேண்டும்.