குறைந்த செலவில் குலுங்காத பயணம்

மலேசியாவில் 1994ஆம் ஆண்டு ‘கஞ்சில்’ என்னும் சிறிய மகிழுந்தைப் பெரோடுவா நிறுவனம் அறிமுகப்படுத்தியது. மலாய்மொழியில் கஞ்சில் என்றால் சருகுமான். பெயருக்கேற்ப அது உருவத்தில் சிறியது. 659 கன சென்டிமீட்டர் இயந்திரம், 12 அங்குலச் சக்கரங்கள், ஏறக்குறைய 700 கிலோகிராம் எடை. 2009ஆம் ஆண்டு அதன் உற்பத்தி நின்றுவிட்டது. ஆயினும், பல குடும்பங்களின் முதல் மகிழுந்தாக இருந்த அந்த வண்டிகள் கைமாறிக் கைமாறி, இன்று கல்லூரி மாணவர்களிடமும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களிடமும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இத்தகைய பழைய சிறிய வண்டிகளைப் பற்றி எல்லாரும் சொல்லும் குறை ஒன்றுதான்: குலுக்கல். வேகத்தடையில் ஏறி இறங்கினால் ‘டக் டக்’ என ஒலி கேட்கும். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் ஓடித் தேய்ந்த சாலையில் போனால், பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் பாட்டிக்கு இடுப்பு வலி வந்துவிடும். ‘சஸ்பென்ஷனை மாற்றிவிட்டால் சரியாகிவிடும்’ என நண்பர்கள் சொல்வார்கள். கையிலோ பணம் குறைவு. அந்தக் குறைந்த பணத்தை எதில் முதலில் செலவிடுவது என்பதே கேள்வி. தவறான பொருளை வாங்கினால் பணம் மட்டும் வீணாகாது; மழை நாளில் பிரேக்கை அழுத்தும்போது வண்டி எங்கே நிற்கிறது என்பதும் அந்த முடிவைப் பொறுத்தது.

சஸ்பென்ஷன் என்பது சக்கரங்களையும் வண்டியின் உடலையும் இணைக்கும் அமைப்பு. அதில் முதன்மையான பாகங்கள் இரண்டு. ஒன்று சுருள்வில், பட்டறைகளில் ‘ஸ்பிரிங்’ என்பார்கள். மற்றொன்று ‘அப்சார்பர்’. சக்கரம் மேட்டில் ஏறும்போது சுருள்வில் அழுந்தி அந்த அதிர்ச்சியை ஏற்கிறது. ஆனால், அழுந்திய சுருள்வில் சும்மா இருக்காது. விரியும், மீண்டும் அழுந்தும், மீண்டும் விரியும். அதை அடக்குவதே அப்சார்பரின் வேலை. எண்ணெய் நிரப்பிய குழாய்க்குள் ஓர் உந்து தண்டு மேலும் கீழும் நகர்கிறது. நகரும்போது எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்கிப் பிழியப்படுகிறது. துள்ளலின் ஆற்றல் வெப்பமாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. கஞ்சிலின் முன்சக்கரங்களில் இவ்விரண்டும் சேர்ந்து ஒரே தூணாக நிற்கின்றன. 1940களில் ஏர்ல் மக்பெர்சன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் உருவாக்கிய முறை இது. இடமும் செலவும் குறைவு என்பதால் சிறிய மகிழுந்துகளில் இம்முறை பரவலாகிவிட்டது.

அப்சார்பர் கெட்டுப்போனால் பயணிகளுக்கு வசதிக்குறைவு மட்டும்தான் ஏற்படும் எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதைவிடக் கவலைக்குரியது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டரைக் கடக்கிறது. அந்த ஒரு வினாடியில், அடக்குவாரற்ற சக்கரம் பத்து முறைக்கு மேல் துள்ளக்கூடும். துள்ளும் ஒவ்வொரு முறையும் டயர் சாலையை அழுத்தும் விசை குறைகிறது. சில வேளைகளில் தரையை விட்டே எழும்புகிறது. சாலையைத் தொடாத டயரால் வண்டியை நிறுத்தவும் முடியாது, திருப்பவும் முடியாது.

சிறிய வண்டி பெரிய வண்டியைவிட ஏன் அதிகமாகக் குலுங்குகிறது? மலிவான பாகங்கள் என்பது விடையின் ஒரு பகுதி மட்டுமே. எடையைக் கணக்கிட்டுப் பார்த்தால் மீதி விடை கிடைக்கும். ஒருவருக்கு 60 கிலோகிராம் என ஐவர் ஏறினால் 300 கிலோகிராம். 1,500 கிலோகிராம் எடையுள்ள வண்டிக்கு அது ஐந்தில் ஒரு பங்கு. 700 கிலோகிராம் எடையுள்ள கஞ்சிலுக்கோ அது பத்தில் நான்கு பங்கிற்கும் மேல்! பின்னிருக்கையில் மூவர் அமர்ந்தால் அச்சுமையின் பெரும்பகுதி பின்சக்கரங்களின் மீது விழுகிறது. ஐவரைச் சுமக்கும்போது வண்டி தரையில் இடிக்கக்கூடாது என்றால் சுருள்வில் விறைப்பாக இருக்க வேண்டும். அதே சுருள்வில், ஓட்டுநர் தனியாகச் செல்லும்போது அவருக்கு மிகவும் கடினமாகத் தெரியும். மென்மையான சுருள்வில்லைப் பொருத்தினால் தனியாளுக்குச் சுகம். குடும்பம் ஏறினால் பின்பக்கம் தாழ்ந்து இடிக்கும். ஆகவே, சிறிய வண்டியின் குலுக்கலில் ஒரு பகுதி அதனுடன் பிறந்தது. எவ்வளவு செலவு செய்தாலும் அது முழுமையாகப் போகாது. மீதிப் பகுதி தேய்மானத்தால் வந்தது. குறைந்த செலவில் சரிசெய்யக்கூடியது இந்த இரண்டாம் பகுதியைத்தான்.

கம்பாரில் குடியிருந்து, கோப்பெங் வழியாக ஈப்போவிற்கு நாள்தோறும் வேலைக்குச் செல்லும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். அவர் சேமித்து வைத்திருப்பது 700 ரிங்கிட். வண்டியைத் தாழ்த்திக் காட்டும் குட்டையான சுருள்வில்கள் அவருடைய கண்ணைக் கவர்கின்றன. “புதியதை வாங்குவானேன்? இருப்பதையே ஒரு சுற்று வெட்டிவிடலாம், செலவே இல்லை,” என நண்பர் ஒருவர் யோசனையும் கூறுகிறார்.

சுருள்வில்லை வெட்டினால் என்ன ஆகும்? ஒரு கம்பியில் எத்தனை சுற்றுகள் குறைகின்றனவோ அந்த அளவுக்கு அது விறைப்பாகும். ஆறு சுற்றுகள் அழுந்தி விரிந்த இடத்தில் ஐந்து மட்டும் எஞ்சினால் விறைப்பு 20 விழுக்காடு கூடுகிறது. கம்பியின் தடிப்பு இன்னும் வியப்பான கணக்கு. விறைப்பு அதன் நான்காம் மடிப் பெருக்கத்தில் ஏறும். 10 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதிலாக 11 மில்லிமீட்டர் கம்பியாலான சுருள்வில்லைப் போட்டால், மற்ற அளவுகள் மாறாவிட்டாலும் விறைப்பு ஏறக்குறைய 46 விழுக்காடு கூடிவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு மில்லிமீட்டருக்கு அத்தனை வேறுபாடு. பழைய அப்சார்பரோ பழைய சுருள்வில்லின் வலிமைக்கு ஏற்ப அமைக்கப்பட்டது. விறைப்பான சுருள்வில்லை அதனால் அடக்க முடியாது. வண்டி தாழ்ந்துவிட்டதால் சக்கரம் மேலெழும்ப இடமும் குறைகிறது. சிறு குழியிலும் கடைசித் தடுப்பு ரப்பரில் மோதி ‘டம்’ என்று அடிக்கும். வெட்டிய முனை அதன் தட்டில் சரியாக அமராததால், சக்கரம் தொங்கும்போது சுருள்வில் இடம்பெயரவும் கூடும். எரிவாயுச் சுடரால் சூடாக்கித் தாழ்த்துவது இதைவிட மோசமானது. எஃகின் பதம் கெட்டு, அது ஒருநாள் தானாகவே தளர்ந்துவிடும் அல்லது முறியும். இலவசமாகக் கிடைத்த இந்த ‘மேம்பாடு’ வண்டியை முன்பைவிடக் கெட்டதாக்கிவிடுகிறது.

அனுபவமுள்ள பட்டறைக்காரர் சுருள்வில்லைப் பற்றிப் பேசுவதற்கு முன், “தம்பி, முதல்ல டயரைப் பார்ப்போம்,” என்றுதான் சொல்வார். காரணம் உண்டு. சாலையின் அதிர்ச்சியை முதலில் வாங்குவது டயரில் உள்ள காற்றுதான். ஓட்டுநர் கதவருகே ஒட்டப்பட்டிருக்கும் தாளிலோ கையேட்டிலோ சரியான காற்றழுத்தம் குறிப்பிடப்பட்டிருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது காலையில் வண்டி நெடுந்தொலைவு ஓடுவதற்கு முன், அதைச் சோதிக்க வேண்டும். எரிபொருள் மிச்சமாகும் என நினைத்து அளவுக்கு மீறிக் காற்றடித்த டயர் கல்லைப் போல் இறுகியிருக்கும். அதைச் சரியான அளவுக்குக் குறைத்த உடனே பாதிக் குலுக்கல் நின்றுபோன வண்டிகளும் உண்டு. இதற்கு ஒரு காசும் செலவில்லை.

டயரின் வயதையும் பார்க்க வேண்டும். அதன் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பூ தேயாமல் பார்வைக்குப் புதியதாகத் தோன்றினாலும், ஆண்டுகள் பல கடந்த ரப்பர் இறுகிப் பிடிமானத்தை இழந்திருக்கும். நல்ல டயர்களுக்குச் செலவிடும் பணம் பிரேக்கிற்கும் வளைவிற்கும் பயணச் சுகத்திற்கும் ஒருசேரப் பயன்படும். பெரிய ‘ஸ்போர்ட் ரிம்’ இதற்கு நேர்மாறு. ரிம் பெரிதானால் டயரின் பக்கச்சுவர் குட்டையாகும். அதிர்ச்சியை வாங்கும் காற்று குறையும். சக்கரத்தின் எடையும் பெரும்பாலும் கூடும். வண்டி அழகாகத் தெரியலாம். பாட்டியின் இடுப்புக்கு அது உதவாது.

அடுத்து, விலை குறைந்த சிறு பாகங்கள். சஸ்பென்ஷனின் இரும்புக் கைகள் வண்டியின் அடிப்பகுதியோடு சேரும் இடங்களில் ரப்பர் புஷ்கள் இருக்கும். வெயிலிலும் எண்ணெயிலும் அவை வெடித்துப் பிளந்துவிடுகின்றன. ‘டக் டக்’ ஒலியின் காரணம் பெரும்பாலும் இவைதாம். அல்லது அப்சார்பரின் தலைப்பகுதியில் உள்ள ரப்பர் தாங்கி. அப்சார்பரை மாற்றியும் ஒலி போகவில்லை எனப் புலம்புவோரில் பலர் இவற்றைப் பார்க்காமல் விட்டவர்கள். புது அப்சார்பரைப் பொருத்துவதற்கு எப்படியும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருப்பதால், தாங்கியையும் தடுப்பு ரப்பரையும் அப்போதே மாற்றிவிடுவது சிக்கனம். கூலி ஒருமுறைதான்.

அப்சார்பர் உண்மையிலேயே கெட்டுவிட்டதா என்பதை அறியச் சில வழிகள் உள்ளன. வண்டியின் ஒரு மூலையை அழுத்திவிட்டால் அது ஒருமுறை எழும்பி அடங்க வேண்டும்; இரண்டு மூன்று முறை ஆடினால் சந்தேகிக்கலாம். ஆடாவிட்டால் நல்லது என்று உடனே முடிவு செய்யவும் கூடாது. குழாயில் எண்ணெய் வழிந்து தூசு அப்பியிருக்கிறதா, டயரின் மேற்பரப்பு மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருக்கிறதா என்பனவற்றையும் பார்க்க வேண்டும். மாற்றும்போது முன்பக்கம் இரண்டையுமோ பின்பக்கம் இரண்டையுமோ சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று புதியதும் மற்றொன்று பழையதுமாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி சமநிலை இழக்கும். 700 ரிங்கிட்டில் நான்கையும் வாங்க முடியாவிட்டால், மோசமாக இருக்கும் ஒரு சோடியை இந்த மாதமும் மற்றொன்றைப் பின்னரும் மாற்றலாம். பிரித்த வாகனங்களின் பாகங்களை விற்கும் கடைகளில் கதவும் கண்ணாடியும் வாங்குவது சிக்கனமே. அங்குப் பழைய அப்சார்பரை வாங்குவது மட்டும் அறிவுடைமையன்று. உள்ளே எண்ணெயும் அடைப்பு வளையங்களும் எவ்வளவு தேய்ந்துள்ளன என்பதை வெளியிலிருந்து எவரும் காண இயலாது.

இவ்வேலையை வீட்டு முற்றத்தில் செய்து கூலியை மிச்சப்படுத்த இளைஞர்கள் விரும்பக்கூடும். முன்சக்கரத் தூணில் சுருள்வில் அழுத்தப்பட்ட நிலையிலேயே இருக்கிறது. அதை இறுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் மேல் மரையைக் கழற்றினால், அது தெறித்து ஆளையே கொல்லக்கூடிய விசையுடன் விடுபடும். பட்டறைக் கூலியில் மிச்சம் பிடிக்கக்கூடாத இடம் இது. பட்டறையிலும் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. புஷ்களின் மரைகளை, வண்டி தன் சக்கரங்களில் நின்று எடையைத் தாங்கும் நிலையில்தான் இறுதியாக முடுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போதே முடுக்கிவிட்டால், வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு விரைவில் கிழிந்துவிடும்.

தொழிற்சாலை அளவிலான பாகங்களைப் புதிதாக மாற்றுவது பராமரிப்பு, அதற்குத் தடையில்லை. வண்டியின் உயரத்தையும் அமைப்பையும் மாற்றுவதோ சாலைப் போக்குவரத்துத் துறையின் விதிகளுக்கு உட்பட்டது. சாலைத் தடுப்புச் சோதனையில் சிக்கினால் அபராதம் கட்ட நேரிடும். பின்னர் வண்டியை விற்கும்போது, உரிமை மாற்றத்திற்கான பரிசோதனையில் வண்டியின் அடிப்பகுதியும் பார்க்கப்படும்.

எல்லாம் பொருத்திய பின் சக்கரங்களின் கோணங்களைச் சீர்செய்யும் ‘அலைன்மென்ட்’ வேலை எஞ்சியிருக்கும். முன்தூணைக் கழற்றி மாட்டினாலே அக்கோணங்கள் சற்று மாறிவிடும். அதைச் செய்யாமல் விட்டால், புதிய டயர் ஒருபக்கமாகத் தேய்ந்து சில மாதங்களில் வீணாகும். கம்பார் இளைஞர் தம்முடைய 700 ரிங்கிட்டில் ஒரு சிறு தொகையை இதற்கென முதலிலேயே ஒதுக்கி வைத்துவிடுவது நல்லது.