தூரத்து வியாபாரம் – 17: பாரிசில் மணி என்ன?

போன வாரம் 1748-இல் விட்டோம்: புதுச்சேரியைச் சுற்றி ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவனின் முற்றுகை, ஐரோப்பாவில் ஏப்ரலிலேயே சமாதானக் கையெழுத்து, அந்தச் செய்தி இன்னும் கடலில். புதிதாகச் சேர்ந்தவர்கள் பழைய இதழை யாரிடமாவது கேட்டு வாங்கிப் படித்துக்கொள்ளவும். இந்த வாரம் அலுவலகக் கூட்டங்களுக்கு எந்த வீடியோ செயலியை எடுப்பது என்று சொல்வதாக வாக்கு. ஜூமா, மீட்டா, டீம்ஸா என்று ஒரே வரியில் கேட்டு எழுதியவர்கள் காத்திருக்கிறீர்கள் என்று தெரியும்.

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக்குச் சரக்கு விற்கிறவருக்கு இதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெரும்பாலும் கிடையாது. வாங்குகிறவர் எதில் கூப்பிடுகிறாரோ அதுதான் செயலி. லியோனில் இருக்கும் கொள்முதல் மேலாளர் டீம்ஸ் லிங்க் அனுப்பினால், சேதராப்பட்டில் பட்டறை வைத்திருப்பவர் ‘எங்களுக்கு மீட்தான் தோது’ என்று பதில் போடுவாரா? எல்லாவற்றையும் கணினியிலும் போனிலும் ஏற்றி, மைக்குக்கும் கேமராவுக்கும் அனுமதி கொடுத்து, வாரம் ஒருமுறை திறந்து பார்த்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அப்டேட் கேட்கிற செயலி கூட்டம் தொடங்க இரண்டு நிமிடம் இருக்கும்போதுதான் கேட்கும்.

நீங்களே கூட்டும் கூட்டத்தில்தான் தேர்வு உங்கள் கைக்கு வருகிறது. அங்கே நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: கூப்பிடப்படுகிறவர் உள்ளே வர எத்தனை படி ஏற வேண்டியிருக்கிறது? செயலியை இறக்கு, கணக்கு தொடங்கு, கடவுச்சொல் போடு, ஓடிபி வரும் வரை காத்திரு என்றால், கடலூரிலிருந்து மூலப்பொருள் அனுப்புகிறவர் மூன்றாவது படியில் லிங்க்கை மூடிவிட்டு உங்களுக்கு வாட்ஸ்அப் கால் போடுவார். உங்கள் கூட்டம் அங்கே முடிந்தது. கணினியில் பிரவுசரிலேயே திறக்கும் மீட், இந்த ஒரு காரணத்துக்காகவே நம் ஊர்ச் சிறு அலுவலகங்களில் ஜெயித்திருக்கிறது. ஜூமும் பிரவுசரில் திறக்கும்தான். ஆனால் அதற்கான பொத்தானை, வீட்டுக்காரர் ஒளித்துவைத்த சாவி மாதிரி, தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

காசு கட்டாதவர்களுக்கு நேர வரம்பு உண்டு. ஜூமில் 40 நிமிடம். மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 60 நிமிடம். இலவச டீம்ஸிலும் 60. இதைக் குறை என்று எல்லோரும் நினைப்பதில்லை. மிஷன் வீதிப் பக்கம் அலுவலகம் வைத்திருக்கும் ஆடிட்டர் ஒருவர் ஜூமுக்குக் காசு கட்டவே மாட்டார். “சார், நாப்பது நிமிஷம் ஆனா அதுவே புடுங்கிக்கும். கிளையண்ட்டை நான் எழுந்து போன்னு சொல்ல முடியுமா? அது சொல்லிடுது” என்பார். மார்ச் மாதத்தில் அவரை நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கும் இப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் நல்லது என்று ஜூனியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஜிட்சியையும் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால் ஒரு மணி நேரம் கிடைக்கும். ஜிட்சிக்கு நேர வரம்புத் தொல்லை கிடையாது, மூல நிரல் திறந்தே கிடக்கிறது, வேண்டுமானால் உங்கள் சொந்த சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். 2003-இல் எமில் இவோவ் என்ற பல்கேரிய மாணவர் தொடங்கிய வேலை இது. எங்கே? பிரான்சில், ஸ்ட்ராஸ்பூர் பல்கலைக்கழகத்தில். பிறகு அட்லாசியன் வாங்கி, 2018-இல் 8×8 நிறுவனத்தின் கைக்குப் போனது. 2023 ஆகஸ்டிலிருந்து அதன் பொதுத் தளத்தில் கூட்டத்தைத் தொடங்குகிறவர் மட்டும் கூகுள் அல்லது வேறு கணக்கு வழியாக உள்நுழைய வேண்டும். வருகிறவருக்கு இன்றும் படி எதுவும் இல்லை.

இனி பாதுகாப்பு. 2020 ஏப்ரலில், ஊரே ஜூமில் உட்கார்ந்திருந்தபோது, அது பாதுகாப்பான தளமல்ல என்று மத்திய உள்துறை அமைச்சகம் எச்சரித்தது. அதே மாதம் உள்நாட்டுச் செயலி ஒன்றுக்காக மத்திய அரசு போட்டி அறிவித்தது. ஆகஸ்டில் 1 கோடி ரூபாய்ப் பரிசை வென்றது பெங்களூரும் இல்லை, ஐதராபாத்தும் இல்லை, ஆலப்புழையின் டெக்ஜென்சியா. செயலியின் பெயர் விகன்சால். சென்னை நிறுவனம் ஒன்றுக்கும் தலா 25 லட்சம் என்ற அடுத்த வரிசையில் இடம் கிடைத்தது. இரு முனைக்கும் நடுவே யாரும் படிக்க முடியாத மறையாக்கம் தருவதாகச் சொல்லி ஏமாற்றியது என்று ஜூம்மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டி, அந்த ஆண்டு நவம்பரில் சமரசம் செய்துகொண்டது. அந்த வசதி உண்மையிலேயே வந்தது அதற்கு ஒரு மாதம் முன்பு, அக்டோபரில்தான். இன்றும் அது தானாக இயங்காது. நீங்கள்தான் போட வேண்டும். போட்டால் கிளவுடில் பதிவு செய்வது போன்ற சில வசதிகள் நின்றுவிடும். விலைப்பட்டியல் பேசும் கூட்டத்தைப் பதிவு செய்யலாமா, அந்தப் பதிவு யாருடைய சர்வரில் தூங்குகிறது என்பதெல்லாம் இந்த வாரமே எழுதவேண்டியவை. ஆனால் நடுவில் பிரெஞ்சுக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

2026 ஜனவரியில் பிரான்ஸ் அரசு ஒரு முடிவு அறிவித்தது. டீம்ஸ், ஜூம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அரசே உருவாக்கிய விசியோ என்ற செயலிக்கு 2027-க்குள் அமைச்சகங்கள் மாற வேண்டும். தேசிய ஆய்வு மையமான சிஎன்ஆர்எஸ் ஜூமைக் கைவிடுவதில் முன்வரிசையில் நிற்கிறது. நம் செயின்ட் லூயி வீதியில் கடலைப் பார்த்து நிற்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அந்த மையத்துக்கும் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சகத்துக்கும் உட்பட்டது என்பதால், இந்த அலை எந்த வீதி வரை அடிக்கும் என்று நான் ஆவலோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆச்சரியப்பட்டவர்களுக்கு பிரெஞ்சுக்காரர்களைத் தெரியாது. அவர்கள் கடிகாரத்தோடு என்ன செய்தார்கள் என்று இந்த வாரம் படித்தேன். அதிலிருந்து வெளியே வர முடியவில்லை.

1884-இல் வாஷிங்டனில் 25 நாடுகள் கூடி, உலகத்துக்கெல்லாம் பூஜ்யக் கோடு கிரீன்விச் வழியாகப் போகட்டும் என்று வாக்களித்தன. 22 நாடுகள் சரி என்றன. பிரான்ஸ் வாக்களிக்கவில்லை. லண்டன்காரன் கோட்டை ஏற்பதா? இன்னும் 27 ஆண்டுகள் பாரிஸ் நேரத்திலேயே ஓட்டினார்கள். கடைசியில், 1911 மார்ச் 9-ஆம் தேதி, வேறு வழியின்றி ஒரு சட்டம் போட்டார்கள். அதில் கிரீன்விச் என்ற பெயரே கிடையாது. பிரான்சின் சட்டப்படியான நேரம் என்பது பாரிஸ் நேரத்திலிருந்து 9 நிமிடம் 21 விநாடி குறைத்தது, அவ்வளவுதான். பாரிஸ் வானாய்வகத்துக்கும் கிரீன்விச்சுக்கும் உள்ள தூரம் சரியாக அந்த 9 நிமிடம் 21 விநாடி. எதிரியின் வீட்டுக்கே குடிபோய், வாசலில் பெயர்ப்பலகை மட்டும் மாட்டாமல் இருந்துவிட்டார்கள்.

ரயில் நிலையக் கதை இன்னும் மேல். அந்தச் சட்டம் வரும் வரை பிரெஞ்சு ரயில் நிலையங்களில் வெளிச்சுவர்க் கடிகாரம் பாரிஸ் நேரம் காட்டும். உள்ளே பிளாட்பாரக் கடிகாரம் 5 நிமிடம் பின்னால் ஓடும். தாமதமாக ஓடிவருகிறவரும் வண்டியைப் பிடிக்கட்டும் என்ற கருணை. அதிகாரப்பூர்வமாக, நாடு முழுக்க. நம் மீட்டிங்குகளில் 10 மணி என்று போட்டுவிட்டு 10:05 வரை ‘எல்லாரும் ஜாயின் பண்ணட்டும்’ என்று உட்கார்ந்திருக்கிறோமே, அதற்கு இப்படி ஒரு ராஜபரம்பரை இருப்பது எனக்குத் தெரியாது.

இத்தனை வீம்பும் 1940 ஜூனில் ஒரே நாளில் போனது. பாரிசுக்குள் நுழைந்த ஜெர்மன் படை கடிகாரங்களை பெர்லின் நேரத்துக்குத் திருப்பியது. போர் முடிந்து ஜெர்மானியர் போனார்கள், நேரம் போகவில்லை. லண்டனுக்கு நேர் கீழே இருக்கும் நாடு இன்றுவரை பெர்லினோடு எழுந்திருக்கிறது. இந்தியாவுக்கோ 1906 முதல் மிர்சாப்பூர்ப் பக்கத்துத் தீர்க்கரேகை, 82½ பாகை. அதில் 75 பாகைக்கு மேல் வரும் ஏழரைதான் நம் நேரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் அரை மணி. புதுச்சேரி அந்தக் கோட்டுக்கு மேற்கே இருப்பதால், நம் கடற்கரைச் சூரியன் நம் கைக்கடிகாரத்துக்கு ஏறக்குறைய பத்தரை நிமிடம் பின்னால் வருகிறது. பாரிஸ் விட்டுக்கொடுத்தது ஒன்பது சொச்சம், நாம் பத்தரை. கிட்டத்தட்ட சரிக்குச் சரி.

ஆக, இன்றைக்கு புதுச்சேரி–பாரிஸ் இடைவெளி குளிர்காலத்தில் நாலரை மணி, கோடையில் மூன்றரை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தைத் தள்ளுகிறார்கள், நாம் தள்ளுவதில்லை. அமெரிக்காவில் வாங்குகிறவர் இருந்தால் இன்னும் சிக்கல். அவர்கள் மார்ச் இரண்டாம் ஞாயிறே தள்ளிவிடுவார்கள். நடுவில் இரண்டு மூன்று வாரம் மூன்று ஊர்க் கணக்கும் ஒன்றோடொன்று ஒட்டாது.

இந்தக் கணக்கை அலுவலகங்களுக்கு முன்பே கரைத்துக் குடித்தவை நம் சொல்தா வீடுகள். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்கும் குடும்பம் எதையாவது கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஓர் ஆயாவின் மகன் பாரிஸ் பக்கத்துச் சார்செலில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாடு முடிந்ததும் பேத்தி போனை எடுப்பாள். “இப்ப வேணாம் கண்ணு. பனிக்காலம். அங்க மணி இன்னும் எட்டரை கூட ஆவல, ஞாயித்துக்கிழமை தூங்கட்டும்” என்பார் ஆயா. அவர் கையில் கடிகாரமும் கிடையாது, செயலியும் கிடையாது.

சரி, வேலைக்கு வருவோம். பிரெஞ்சு அலுவலகம் காலை 9 முதல் 12 வரை என்று வையுங்கள். கோடையில் அது நமக்குப் பகல் பன்னிரண்டரை முதல் மூன்றரை. குளிர்காலத்தில் ஒன்றரை முதல் நாலரை. பிறகு அவர்கள் சாப்பிடப் போவார்கள். அந்த இரண்டு மணி நேரத்தைத் தொட நினைக்காதீர்கள். திரும்பி வரும்போது இங்கே ஐந்தரையோ ஆறரையோ. இருவருக்கும் பொருந்தும் நேரம் நம் மதியச் சாப்பாட்டின் மேல்தான் விழுகிறது. நேரு வீதியில் பாதிக் கடைகள் ஷட்டரை இறக்கும் நேரம் அது. மதியத் தூக்கம் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன பழக்கம் என்று ஊரில் சொல்வார்கள். அதைக் கெடுக்க இப்போது அவனே லிங்க் அனுப்புகிறான்.

செயலிக்கு இங்கேதான் உண்மையான பரீட்சை, அதிலும் வாராவாரம் நடக்கும் கூட்டத்துக்கு. நீங்கள் ஒரு கூட்டத்தைக் காலண்டரில் போடும்போது, கவனித்தாலும் கவனிக்காவிட்டாலும், அது ஏதாவது ஓர் ஊரின் நேரத்தோடு கட்டப்படுகிறது. இந்திய நேரத்தோடு கட்டி, செவ்வாய்தோறும் மதியம் 2 மணி என்று போட்டீர்களானால் உங்களுக்கு வருடம் முழுக்க 2 மணிதான். பாரிஸ்காரருக்குக் கோடையில் பத்தரை, குளிர்காலத்தில் ஒன்பதரை. அவர் போட்டால் தலைகீழ்: அவருக்கு அசையாது, உங்களுக்கு அக்டோபர் கடைசியில் 2 மணி 3 மணியாகும். யார் காலண்டரிலிருந்து அழைப்பு போகிறதோ அவர் மதியம் பத்திரம். வாங்குகிறவர் செயலியைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போகட்டும், அழைப்பை மட்டும் நீங்கள் அனுப்பப் பாருங்கள். அவர் மறுத்தால், நேரப் பகுதியைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டு, மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளை அலுவலகச் சுவர்க் காலண்டரில் சிவப்பில் வட்டம் போட்டுவையுங்கள். தொலைபேசியில் வாய்ச்சொல்லாகவும் வாட்ஸ்அப்பில் வெறும் எண்ணாகவும் நேரம் குறிப்பதை விட்டுவிடுங்கள். ‘2 மணிக்கு’ என்ற செய்தியில் எந்த ஊர் 2 மணி என்பது இருக்காது. காலண்டர் அழைப்பு அவரவர் ஊர் நேரத்துக்கு மாற்றித்தான் காட்டும்.

பெட்டியில் மீதமிருப்பவை: சொந்த ஆட்களோடு தினசரிப் பேச்சுக்கு, ஏற்கெனவே கூகுள் மின்னஞ்சலுக்குக் காசு கட்டுகிறீர்கள் என்றால் மீட், மைக்ரோசாஃப்ட் ஆபீசுக்குக் கட்டுகிறீர்கள் என்றால் டீம்ஸ், இரண்டுக்கும் மேல் மூன்றாவதாக ஒன்றுக்குக் கட்ட வேண்டாம். ஜோஹோவில் கணக்கு வழக்கு வைத்திருப்பவர்களுக்கு அதிலேயே மீட்டிங் இருக்கிறது. ஸ்கைப் 2025 மே மாதத்தோடு மூடியாகிவிட்டது. இன்னும் விசிட்டிங் கார்டில் ஸ்கைப் முகவரி அச்சடித்திருக்கும் பெரியவர்கள் அச்சகத்துக்குப் போய் வரவும்.

பதிவு, சர்வர், மறையாக்கம் எல்லாம் அடுத்த வாரம். அதற்கு முன்னால் கொஞ்சம் கடலுக்கடியில் போக வேண்டியிருக்கும். சென்னையையும் மார்செய் துறைமுகத்தையும் இணைத்துக்கொண்டு போகும் சீ-மீ-வீ 4 என்ற கேபிள் 2025 செப்டம்பரில் செங்கடலில், ஜெட்டா அருகே சேதமடைந்தது. அந்த வாரம் உங்கள் திரையில் முகங்கள் உறைந்து நின்றிருந்தால், திட்ட வேண்டியது செயலியைத்தானா என்று பார்ப்போம்.

(தொடரும்)