பியானோவும் விரல்களின் விரைவும்

பியானோவில் விரைந்து வாசிப்பவரைக் காணும்போது அவர்தம் விரல்களில் பெரும் வலிமை இருக்கிறதென்றே நாம் எண்ணுகிறோம். அதனால் பிள்ளைகள் கட்டைகளை ஓங்கி அடித்துப் பழகுகின்றனர். கை வலித்தாலும் பொறுத்துக்கொள்ளுமாறு நாமே சொல்லிவிடுகிறோம். இது பிழையென்பதை அக்கருவியின் அமைப்பே காட்டும்.

பியானோவில் 88 கட்டைகள் உள்ளன. ஒரு கட்டை ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் ஆழமே இறங்கும். அதனை இறக்க ஏறத்தாழ 50 கிராம் எடை போதும். கட்டை இறங்குகையில் உள்ளேயுள்ள சிறு சுத்தியல் கம்பியைத் தட்டிவிட்டு உடனே விலகிவிடுகிறது. அதன்பின் எவ்வளவு அழுத்தினாலும் ஒலி கூடாது. அவ்வழுத்தம் கைக்குச் சுமையாவதோடு, அடுத்த கட்டைக்குச் செல்ல வேண்டிய விரலையும் பிடித்து நிறுத்துகிறது.

இனிக் கையைப் பார்ப்போம். விரல்களை மடக்கி நீட்டும் பெருந்தசைகள் விரல்களில் இல்லை. முன்கையில் இருந்துகொண்டு நீண்ட நாண்களால் விரல்களை இழுக்கின்றன. மாணவர்களே, உள்ளங்கையை மேசைமீது வைத்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கிக்கொண்டு, மோதிர விரலைத் தூக்கிப் பாருங்கள். எழ மறுக்கிறதன்றோ? அதன் நாண் பக்கத்து விரல்களின் நாண்களோடு பிணைந்திருப்பதே காரணம். இதனை வன்மையால் வெல்ல இயலாது.

ஜெர்மானிய இசைமேதை ராபர்ட் ஷூமன் இளமையில் பியானோ கலைஞராக விரும்பி அயராது பயின்றார். விரற்பயிற்சிக்கென ஒரு பொறியையும் பயன்படுத்தினார். 1832ஆம் ஆண்டளவில் அவருடைய வலக்கை நடுவிரல் அவர் வசம் இல்லாது போயிற்று. காரணம் அப்பொறிதானா, நோயா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். மேடைக் கனவு மட்டும் மீளவில்லை. அவர் இயற்றிய இசையை மேடைகளில் வாசித்தவர் அவர்தம் துணைவியார் கிளாரா.

அதே 1810ஆம் ஆண்டில் பிறந்த ஷோபான் வேறு வழியில் கற்பித்தார். எல்லா விரல்களையும் ஒரே வலிமையுடையனவாக்க முயல்வது வீண் என்பது அவர் கருத்து. நீண்ட விரல்கள் கறுப்புக் கட்டைகளிலும், கட்டைவிரலும் சுண்டுவிரலும் வெள்ளைக் கட்டைகளிலும் இயல்பாக அமரும்படி கையை வைக்கச் செய்தே அவர் பாடத்தைத் தொடங்கினார்.

பயிற்சி முறை எளிதே. முதலில் ஒவ்வொரு கையாக, மெதுவாக வாசிக்க வேண்டும். ஒலி எழுந்தவுடன் அழுத்தத்தை விட்டுவிட வேண்டும். பிறகு நான்கு சுரங்களை மட்டும் விரைந்து வாசித்து, நின்று, கை தளர்ந்திருக்கிறதா என்று பார்த்து, அடுத்த நான்கிற்குச் செல்லலாம். தோட்டத்துப் பெற்றோருக்கு இது புதிதன்று. பால்மரம் வெட்டுவதில் தேர்ந்தவர் கத்தியை அழுத்துவதில்லை. புதியவர் அவசரத்தில் அழுத்தி மரத்தைக் காயப்படுத்திவிடுகிறார்.

வாசிக்கையில் வலி தோன்றினால் அன்றைய பயிற்சியை அங்கேயே நிறுத்துக. தேர்வு அண்மையில் இருப்பினும் பெற்றோர் வற்புறுத்தலாகாது. வலியோ மரமரப்போ மறுநாளும் நீடிப்பின் மருத்துவரிடம் காட்டுக.