மந்த காலத்தில் அரசாங்கம் செலவிடலாமா? மாத்தளையிலிருந்து மின்னேரியா வரை

மாத்தளையிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பெருவீதி நாலந்தா, தம்புள்ளை ஆகிய ஊர்களைக் கடந்து ஹபரணையை அடைகின்றது. கோப்பித் தோட்டங்களின் காலத்தில் மன்னார்க் கரையில் வந்திறங்கிய தென்னிந்தியத் தொழிலாளர், கங்காணிமாரின் பின்னே கால்நடையாகத் தம்புள்ளை வழியே மாத்தளைக்கு வந்தனர் என்பதை நேயர்கள் அறிவர். உலகப் பொருளாதார மந்தம் இலங்கையைத் தாக்கிய 1930ஆம் ஆண்டையடுத்த காலத்தில், அவ்வாறு வந்தோரின் வழித்தோன்றல்கள் பலர் தலைமன்னார் வழியாகத் திருப்பி அனுப்பப்பட்டனர். அதே ஆண்டுகளில், ஹபரணைக்குக் கிழக்கேயுள்ள மின்னேரியாக் காட்டில் அரசாங்கப் பணத்தைச் செலவிடவேண்டும் என்று ஒரு மந்திரி வாதாடிக்கொண்டிருந்தார். இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்களாகும்.

மந்தம் வந்த விதம் யாவரும் அறிந்ததே. 1929ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயோர்க் பங்குச் சந்தை சரிந்தது. மோட்டார் வண்டித் தொழில் தளர்ந்தமையால் இறப்பரை வாங்குவார் குறைந்தனர். 1932ஆம் ஆண்டில் லண்டன் சந்தையில் ஓர் இறாத்தல் இறப்பரின் விலை இரண்டு பென்சுக்கும் கீழே வீழ்ந்தது. தேயிலை, இறப்பர், கொக்கோ ஆகிய மூன்றையும் நம்பியிருந்த மாத்தளைப் பகுதிக்கு இதன் பொருள் என்னவென்று விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1929இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பள விதிப்படி, இடைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 52 சதமும் பெண்ணுக்கு 41 சதமும் வழங்கப்பட்டன. 1931க்கும் 1933க்கும் இடையில் அச்சம்பளம் பன்முறை குறைக்கப்பட்டது.

இத்தகைய வேளையில் அரசாங்கம் யாது செய்தல் வேண்டும்? வரவு குறைந்தால் செலவைக் குறை என்பதே அக்காலத்து நிதி அறிஞரின் விதி. ஒரு குடும்பத்துக்கு இது பொருந்தும். ஆயின், நாட்டிலுள்ள எல்லாக் குடும்பங்களும் ஒரே நாளில் செலவைச் சுருக்கினால் நேர்வது வேறு. தோட்டத் தொழிலாளி ஒருவர் நாட்சம்பளத்தில் பத்துச் சதம் இழக்கின்றார் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பத்துச் சதத்துக்கான துணியும் கருவாடும் மாத்தளைக் கடைவீதியில் விற்பனையாகா. கடைக்காரர் வண்டிக்காரரைக் குறைவாக அழைப்பார். வண்டிக்காரர் கொல்லனிடம் செல்வதைத் தள்ளிப்போடுவார். ஒருவரின் சிக்கனம் மற்றவரின் வருமான இழப்பாகின்றது. எல்லோரும் சுருங்கும்போது அரசாங்கமேனும் விரிந்து நின்று, கடன்பட்டாயினும் வேலை கொடுத்தல் வேண்டும் என்று ஜோன் மேனாட் கெயின்ஸ் என்ற ஆங்கிலப் பொருளியலறிஞர் வாதித்தார். அவரது புகழ்பெற்ற நூல் 1936இல் வெளிவந்தது. அதற்கு முன்னரே, 1933இல், அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ற் அணைகளும் காடு வளர்ப்பும் சாலைகளுமாக இம்முறையைக் கையாளத் தொடங்கியிருந்தார்.

இலங்கைக்கோ கைகள் கட்டப்பட்டிருந்தன. 1931இல் டொனமூர் அரசியற்றிட்டத்தின்கீழ் அமைந்த அரசாங்க சபையில் மக்கள் தெரிந்தெடுத்தோர் மந்திரிகளாயினர். ஆனால் திறைசேரி, தேர்தலில் நில்லாத நிதிச் செயலாளரின் பொறுப்பில் இருந்தது. நாணயமோ இந்திய ரூபாவுடன் பிணைக்கப்பட்டிருந்தது. ஏற்றுமதிப் பணம் வந்தால் நாட்டில் நாணயம் பெருகும், வாராவிடில் சுருங்கும். வேண்டியபோது பணப் புழக்கத்தைப் பெருக்கவல்ல மத்திய வங்கி 1950இல்தான் தோன்றியது. எனவே செலவு செய்ய விரும்பிய மந்திரியும் 1932இல் புகுத்தப்பட்ட வருமான வரி போன்ற வழிகளையே எதிர்நோக்க வேண்டியிருந்தது.

அந்த மந்திரி, கமத்தொழில், காணி இலாகாக்களுக்குப் பொறுப்பாக இருந்த டீ. எஸ். சேனநாயக்க. மந்தத்தைத் தீர்க்கும் மருந்தாக அவர் இச்செலவைக் கருதவில்லை. காணியற்ற கிராமவாசிக்கு நிலம், நாட்டுக்குச் சொந்தச் சோறு என்பவையே அவர் கூற்றின் சாரம். மகாசேன மன்னன் கட்டிய மின்னேரியாக் குளத்தின்கீழ் 1933இல் குடியேற்றம் தொடங்கியது; 1935இல் காணி அபிவிருத்திச் சட்டம் நிறைவேறியது.

எனினும், அவர் அறிந்தோ அறியாமலோ, கெயின்ஸின் கொள்கையில் இலங்கை போன்ற நாட்டுக்கு உள்ள ஓட்டையொன்றை இத்திட்டம் அடைக்க முயன்றது. இந்நாட்டார் உண்ட அரிசியின் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்தது. மாத்தளையில் வீதி போடுவதற்குக் கூலி கொடுத்தால், அக்கூலியின் பெரும்பங்கு அரிசிக் கடை வழியே இரங்கூனுக்குச் சென்றுவிடும்; ஊருக்குள் சுற்றிச் சுற்றி வேலை வளர்க்கும் பணம் சொற்பமே. செலவிடும் பணம் நெல் விளைவிக்கப் பயன்படின், அடுத்த சுற்றுப் பணமும் நாட்டுக்குள்ளேயே நிற்கும். 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றி அரிசி வரவு நின்றபோது, இதன் அருமையைக் கணக்குப் பாராதவரும் உணர்ந்தனர்.

ஆயினும் மிகைப்படுத்தல் தகாது. முதற் குடியேறிகளுக்குக் கிடைத்த உதவி சிறிது; மலேரியாவோ பெரிது. காடு வெட்டி வீடமைத்துக் கொடுக்கும் தாராளமான முறை 1939க்குப் பின்னரே வந்தது. அதாவது, மந்தம் உச்சத்திலிருந்தபோது துளியாகச் சொட்டிய செலவு, மந்தம் தணிந்தபின் பெருகிற்று. பொதுவேலைகளுக்கு இது எங்கும் உள்ள குறை. திட்டம் வரையவும் நிலம் அளக்கவும் ஆண்டுகள் செல்லும். வேலையிழந்தவனின் பசி காத்திராது.

மற்றொரு குறை இதனினும் கடியது. விலை வீழ்ச்சியின் முதலடியைத் தாங்கியவர் தோட்டத் தொழிலாளர். குடியேற்றத் திட்டங்களில் அவர்களுக்கு இடமில்லை. 1931இல் வந்த சர்வசன வாக்குரிமையும் நிரந்தர வசிப்பு நிபந்தனைகளால் அவர்களுட் பலருக்கு எட்டாதிருந்தது. வாக்கில்லாதோரின் பஞ்சம் வரவு செலவுத் திட்டத்தில் ஏறுவது அரிது. 1939இல் அரசாங்கப் பகுதிகளிலிருந்தே நாட்கூலி இந்தியர் விலக்கப்பட்டனர். உள்ளூரார்க்கு வேலை தேடும் வழியென அது நியாயப்படுத்தப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் ஜவஹர்லால் நேரு இலங்கைக்கு வந்தார். அவ்வருகையின்போதே இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவாயிற்று. ஆகஸ்டில் இந்திய அரசாங்கம் இலங்கைக்குக் கூலியாட்கள் செல்வதைத் தடைசெய்தது. சுதந்திரத்தின்பின் அதே சேனநாயக்க பிரதமராயிருந்த 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது.

மின்னேரியாவுக்கு நீரூட்டும் எலஹெரக் கால்வாய் அம்பன் கங்கையிலிருந்து பிரிகின்றது. அக்கங்கையின் ஊற்றுகள் மாத்தளை மலைகளில் உள்ளன. 1976இல் பொல்கொல்லையிலிருந்து மகாவலி நீர் மலைக்கடியிற் குடைந்த சுரங்கவழி உக்குவளைக்குத் திருப்பப்பட்டது. அங்கே மின்சாரம் பிறப்பித்தபின், அந்நீர் சுது கங்கையில் விழுந்து அம்பன் கங்கையை அடைகின்றது. அத்திட்டம் நடந்த ஆண்டுகளிலும் நாடு நெருக்கடியில் இருந்தது. 1973, 1974 ஆகிய ஆண்டுகளில் தோட்டங்களிற் பசி பரவியிருந்தது. உக்குவளையைச் சுற்றிலுமுள்ள மலைச்சரிவுகளில் லயன்கள் உள்ளன. அவற்றைக் கடந்து சென்ற நீர், வடக்கே வேறு மக்களின் வயல்களுக்குப் பாய்ந்தது.