ரொட்டிக்குள் இறைச்சி: கூட எந்தப் பியர்?

மலையகத்தில் 'லயன்' என்றால் இரண்டு பொருள். ஒன்று நாம் குடியிருக்கும் லயன் அறை, மற்றது போத்தலில் வரும் லயன் பியர். இரண்டும் வெள்ளைக்காரத் துரைமார் காலத்தவை. அந்தப் பியர் நிறுவனம் 1881இல் நுவரெலியாவில்தான் தொடங்கியது. உற்பத்தி பியகமவுக்குப் போனது 1990களின் பிற்பகுதியில்.

எங்கள் உறவுக் குடும்பமொன்று 1977 கலவரத்தின் பின் டயகமவை விட்டு வவுனியாவுக்குப் போனது. பிறகு யுத்தம் அவர்களைப் பாரிஸ்வரை துரத்தியது. அங்கிருந்து டிசம்பரில் வந்த மச்சான் 'கிரெக்' செய்து தருவதாகச் சொன்னார். பாரிசில் ரொட்டிக்குள் வைத்த இறைச்சியை அப்படித்தான் கேட்டு வாங்குவார்களாம். கிரேக்கத்தில் அதன் பெயர் கீரோஸ். 1922இல் சின்னாசியாவிலிருந்து உயிர் தப்பி வந்த அகதிகளே இந்தச் சுழல் இறைச்சியை ஏதென்சுக்குக் கொண்டுவந்தவர்கள் என்பார்கள். அகதியின் கைப்பக்குவம் ஊரின் உணவாவது நமக்குப் புதிதல்ல.

எங்கள் வீட்டில் கோழியைத் தேசிக்காய், பூண்டு, உப்புப் போட்டு ஊறவைத்துக் கரியில் சுட்டோம். தயிரில் வெள்ளரிக்காய் சீவிப் போட்டோம். ரொட்டி வழமையான கோதுமை மா ரொட்டி. மிஞ்சிய கேள்வி, எந்தப் பியர் என்பதே.

இளையவர்கள் 'ஸ்ட்ரோங்' என்றார்கள். நான் லாகர் என்றேன். காரணம் இதுதான். கொழுப்பும் உப்பும் நாவில் படியும். குளிர்ந்த லாகரின் நுரையும் இலேசான கசப்பும் அதைக் கழுவிவிடும். அடுத்த வாய் புதிதாக ருசிக்கும். கிரேக்கர்களும் பெரும்பாலும் இலேசான லாகரையே குடிக்கிறார்கள். கருகச் சுட்ட இறைச்சிக்கு ஸ்டவுட்டின் வறுத்த மணம் பொருந்தும், ஆனால் அரைக் கிளாஸ் போதும். கட்டச்சம்பல் வைத்தால் ஸ்ட்ரோங் வேண்டவே வேண்டாம். மிளகாய் தூண்டும் அதே நரம்பை மதுசாரமும் தூண்டுவதால் எரிச்சல் கூடும்.

இனிக் கணக்கு. 625 மில்லிலீற்றர் லாகரில் மதுசாரம் 4.8 வீதம், அதாவது சுமார் 24 கிராம். அதே அளவு ஸ்ட்ரோங்கில் 8.8 வீதம், சுமார் 43 கிராம். இது ஏறக்குறைய ஒரு 'கால்' சாராயம். "பியர்தானே" என்று இரண்டு ஸ்ட்ரோங் குடிப்பவர் அரைப் போத்தல் சாராயத்தை நெருங்குகிறார்.

கொடுக்கும் காசுக்கு வெறி ஏறவேண்டும் என்றுதான் நம்மவர்கள் ஸ்ட்ரோங்கைத் தேடுகிறார்கள். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அதில் ஒரு போத்தலுக்குப் போகும் பங்கு பிள்ளையின் கொப்பியிலிருந்தும் வீட்டு மாவிலிருந்தும் எடுக்கப்படுவது. இழப்புகளை மறக்கக் குடிப்பவர்கள் வடக்கிலும் உண்டு, இங்கும் உண்டு. அவர்களுக்கு எந்தப் பியர் என்பது கேள்வியே அல்ல. அவர்களுக்குத் தேவை வைத்தியரும் பேச ஓர் ஆளும்.

மற்றவர்களுக்கு என் யோசனை: முதலில் சாப்பிடுங்கள். ஒரு லாகரை இரண்டு பேர் பகிருங்கள். டயகமக் குளிரில் ஐஸ் தேவையில்லை, குழாய்த் தண்ணீர் வாளியில் வைத்தாலே போதும். குடிக்காதவர்களுக்குத் தேசிக்காய்த் தண்ணீர் கரையுங்கள். கொழுப்பைக் கழுவும் வேலையை அதன் புளிப்பும் நன்றாகவே செய்யும்.